காது குத்திய கிளை

காஸ்லானுக்குத் தெரியாதது என்று எங்கள் ஊரில் எதுவும் கிடையாது. மழை எப்போது வரும் என்று அவரைக் கேட்கலாம். வந்த பிறகு கேட்டால் இன்னும் சரியாகச் சொல்வார். எரிமலை புகைவது ஏன், மாகாண ஆளுநருக்கு முடி கொட்டுவது ஏன், என் கடை மரவள்ளி வறுவல் நமத்துப் போவது ஏன் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் தயாராக இருக்கும். வறுவல் நமத்துப் போவது அவர் டப்பா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுவதால்தான் என்பது மட்டும் அவர் அறிவுக்கு எட்டியதில்லை.

அவருடைய வீட்டுக்கு எதிரே காப்பிக்கடை வைத்திருப்பவள் நான். பேர் ராசினம். கடையின் ஒரே பெஞ்சு பல வருடங்களாக அவரைச் சுமந்து நடுவில் குழிந்துவிட்டது. கறுப்புத் தொப்பி, காதில் செருகிய கிராம்பு சிகரெட், ஒரு கண்ணாடிக் கிளாஸ் காப்பி. அடியில் தங்கிய மண்டி காய்ந்து ஒட்டும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும், கட்டின பெண்டாட்டிகூட, அவரைக் காங் என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் என்று கூப்பிட்டால் மனிதருக்கு அடக்கம் வரும் என்று யாரோ தப்புக்கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. மதியூன் பக்கத்திலிருந்து லாரியில் மூட்டை ஏற்ற வந்தார். கையில் ஒரு துணிப்பை, வாயில் ஒரு மாகாணத்துக்குப் போதுமான அறிவு. அந்த வாயைப் பார்த்துத்தான் முர்த்தியா மயங்கியதாகச் சொல்வார்கள். முர்த்தியாவைக் கேட்டால், "மயங்குனது நெசம்தான். முழிச்சுப் பாத்தப்போ கல்யாணம் முடிஞ்சிருந்துச்சு" என்பாள். அவளுடைய அப்பா கண்ணை மூடியதும் வீடும் தோட்டமும் காஸ்லானுக்கு வந்தன. கூடவே காப்பிக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் தேர்ந்தெடுக்கும் பதவியும் வந்தது.

வருடம்தோறும் அறுவடைக்கு முன்னால் இரண்டு காப்பிக் கிளைகளை வெட்டி, ஒன்றை மாப்பிள்ளையாகவும் ஒன்றைப் பெண்ணாகவும் சிங்காரித்து, காமெலான் வாத்தியமும் மூங்கில் குதிரை ஆட்டமும் முன்னே போக, பழம் காயவைக்கும் களத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோவோம். அந்தக் கல்யாணம் முடியாமல் யாரும் ஒரு பழத்தில் கை வைக்கமாட்டார்கள். கிளை தேர்ந்தெடுக்க முர்த்தியாவின் அப்பா ஒவ்வொரு தோட்டமாக ஏறி இறங்குவார். நாலு மரத்தைத் தடவிப் பார்ப்பார், ஐந்தாவதைப் பார்த்து யோசிப்பார், மறுநாள் முதலிலிருந்து தொடங்குவார். காஸ்லான் பதவிக்கு வந்த பிறகு அந்த வேலை மிகவும் சுருங்கிவிட்டது. மணப்பெண் ஒவ்வொரு வருடமும் அவருடைய தோட்டத்தில்தான் கிடைத்தாள், அதுவும் நடைபாதை ஓரத்திலேயே. தெய்வ சங்கற்பம் அப்படி.

அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கிளை கழித்துவிடுகிற கவாத்து என்ற வார்த்தை அங்கே நுழைந்ததே இல்லை. மரங்கள் தங்கள் இஷ்டத்துக்கு வளர்ந்து காடாகிக் கிடந்தன. காடு என்றால் புலி வேண்டுமே, புலிவண்டு வந்தது. பார்த்தால் பெரிய கட்டெறும்பு மாதிரி இருக்கும். நீலம் பாய்ந்த கறுப்பு உடம்பு, நீண்ட கழுத்து, பிதுங்கிய கண், சிவந்த தொடை. தண்டில் ஓடுவதைப் பார்த்துக் கிட்டே போனால் சட்டென்று மரத்தின் மறுபக்கம் போய்விடும். நீங்கள் சுற்றிப் போனால் அதுவும் சுற்றும். அதன் புழுதான் விஷயம். அது இளங்கிளையைக் குடைந்து உள்ளே குடியிருக்கும். ஓட்டையைத் தன் தலையாலேயே மூடிக்கொண்டு காத்திருந்து, வாசல் வழியாகப் போகிற எறும்பைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு ஊரோடு ஒரு பகையும் இல்லை. கிளை மட்டும் உள்ளே கூடாகிப் போகும். மேலே பழம் கனத்தால் முறியும்.

ஊரில் எல்லாத் தோட்டத்திலும் புலிவண்டு உண்டு. காஸ்லான் தோட்டத்தில் கொஞ்சம் வண்டுக்கு நடுவில் மரமும் உண்டு. ஒரு தடவை கடையில் எல்லோரும் இருக்கும்போது பக்கத்து மேட்டுக்காரர் ஒருவர், "வண்டு வளக்கிற தோட்டம்" என்று சொல்லிவிட்டார். கடையே சிரித்தது. காஸ்லான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வருடக் காப்பிக் கல்யாணத்தில் ஒரு புதிய சாஸ்திரம் பிறந்தது.

"மணப்பொண்ணுக்குக் காது குத்தியிருக்கணுமா வேணாமா?" என்று களத்தில் நின்று கேட்டார்.

"குத்தியிருக்கணும்" என்றார்கள் பெண்கள், வேறென்ன சொல்வார்கள்.

"அப்ப பொண்ணாப் போற கொப்புக்கு? மனுசன் குத்துனா அது ஓட்டை. வண்டு குத்துனா அது வரம். காதோட்டை இல்லாத கொப்பு பொண்ணே இல்ல. பெரியவங்க சொல்லிட்டுப் போனது."

எந்தப் பெரியவர் என்று யாரும் கேட்கவில்லை. முர்த்தியா மட்டும் என்னிடம், "எங்கப்பா ஓட்டை இருக்கிற கொப்பைக் கண்டா வெட்டி அடுப்புல போடுவாரு" என்றாள். ஆனால் அதற்குள் ஊர் பழகிவிட்டது. விழாவுக்கு வரும் வியாபாரிகள் மணப்பெண் எந்தத் தோட்டம் என்று விசாரித்து அந்தக் காப்பியைத்தான் முதலில் கேட்டார்கள். சொத்தையெல்லாம் சகுனமாகிவிட்டது. இனிமேல் யார் கவாத்துக் கத்தியைத் தேடப் போகிறார்கள்?

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் நிற்கவில்லை. கல்யாணம் பேசிவைத்த குடும்பங்கள் அவரிடம் வந்து பெயரும் பிறந்த நாளும் கொடுத்தன. ஏழு நாள் கிழமையையும் ஐந்து நாள் சந்தைக் கிழமையையும் கூட்டிப் பொருத்தம் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். காஸ்லான் அதற்கு மேல் ஒன்று சேர்த்தார். காப்பி மணப்பெண் களத்துக்கு வந்து இறங்கியதும் அவளை உற்றுப் பார்ப்பார். இலை வாடியிருக்கிறதா, பழம் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இது சேரும், இது சேராது" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்வார். அவர் சேராது என்றால் சேராதுதான். எந்தத் தாய் பிள்ளையின் தலையில் வினையை ஏற்றத் துணிவாள்?

என் தங்கை லஸ்மினிக்கும் பர்னோவுக்கும் பேசி முடித்திருந்தோம். புடவைத்துணி வந்து மோதிரமும் போட்டாகிவிட்டது. அந்த வருட மணப்பெண் கிளையிலிருந்து வழியில் ஒரே ஒரு பழம் உதிர்ந்தது. காஸ்லான் அதைக் குனிந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டி, பெருமூச்சு விட்டு, "லஸ்மினி கல்யாணம் வேணாம்" என்றார். பர்னோ வீட்டில் அழுதார்கள், மோதிரத்தைத் திருப்பிக் கேட்டார்கள். லஸ்மினி சுரபாயாவுக்குத் துணி தைக்கும் பாக்டரிக்குப் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள். வேறு யாரையும் கட்டவில்லை. மறுநாள் காலையில் காஸ்லான் வழக்கம்போல் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். கொடுத்தேன். விதி என்றுதான் நானும் நம்பினேன். நம்பினாலும் அந்தக் காப்பிக்குச் சர்க்கரை போடவில்லை, அன்றிலிருந்து போடுவதும் இல்லை. கசப்புதான் உடம்புக்கு நல்லது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இப்படி ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்தும் பிரித்தும் வைத்தவருக்கு வீட்டில் ஒரே பெண், வினார்சி. அப்பாவின் வாய் வராமல் அம்மாவின் கண் வந்த பெண். கீழ்க்குடியிருப்பில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஹெருவும் அவளும் தாங்களே பார்த்துப் பேசி விரும்பியவர்கள். ஹெருவின் அப்பா துல்காமித் பூனைக்கு வழிவிட்டு நடக்கும் சாது. அம்மா முனாவரா அப்படி இல்லை. ஒரு கணக்கு, ஒரு சகுனம் தப்பினாலும் சம்மதிக்க மாட்டாள். காஸ்லானே சம்பந்தியாக வருகிறார் என்பதால்தான் அந்த அம்மாள் மனம் இளகியது. மோதிரம் போட்டார்கள், அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று ஆனது. வினார்சி என் கடை வழியாகப் போகும்போதெல்லாம் கைப்பையின் பிடிக்கு வெளியே மோதிர விரலை மட்டும் நீட்டிக்கொண்டு போவாள். அந்தப் பெண்ணின் சந்தோஷத்தைப் பார்த்தால் அவளுடைய அப்பாவைக்கூட ஒரு நிமிஷம் பிடித்துப்போகும்.

அந்த வருடம் விழாவுக்கு மாவட்டத்திலிருந்து சுற்றுலா அதிகாரி வருகிறார், படம் பிடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. காஸ்லானுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரு காதோட்டை இருக்கிற கிளை போதுமா? அடியிலிருந்து நுனிவரை வரிசையாக ஓட்டை விழுந்த ஒரு கிளையை வெட்டிவந்து கடையில் காட்டினார்.

"பாத்தியா ராசினம்? அடுக்குக் காதணி போட்ட மகாராணி!"

"இது பொண்ணா புல்லாங்குழலா காங்?"

"உனக்கு வறுக்க மட்டும்தான் தெரியும். வறு."

கிளைக்குத் தகரக் கிரீடம் வந்தது. குதிரை ஆட்டக்காரர்களிடம் இரவல் வாங்கிய காதணிகள், கண்ணாடி மணி மாலை, கண்ணாடி பதித்த பெல்ட் எல்லாம் வந்தன. முர்த்தியா கிளையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தக் கொப்பு ஆடுது காங்."

"பொண்ணுன்னா ஆடத்தான் செய்வா."

"நீங்க வாயைத் தொறந்தா ஊரே ஆடுது, கொப்பு எம்மாத்திரம். நான் சொல்றத ஒரு நாளாவது கேளுங்க. ஒரு மூங்கில் குச்சி வச்சுக் கட்டிருவோம்."

"படத்துல குச்சி தெரியும்" என்றார் காஸ்லான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காலையில் ஊர்வலம் கிளம்பியது. துல்காமித்தும் முனாவராவும் புது உடுப்பில் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், சம்பந்தியின் மகிமையைப் பார்க்க. வினார்சி தாம்பாளத்தோடு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளைக் கிளை சமர்த்தாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. காஸ்லான் மணப்பெண்ணை ஏந்திக்கொண்டு வாத்தியத்துக்கு ஏற்றபடி ஒவ்வோர் அடியாக வைத்துக் களத்துக்கு வந்தார். படம் பிடிப்பவர், "கொஞ்சம் உயர்த்துங்க" என்றார். உயர்த்தினார். "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் உயர்த்தி, அழகுக்காக லேசாக ஓர் ஆட்டும் ஆட்டினார்.

டொக்.

மணப்பெண்ணின் மேல்பாதி கிரீடத்தோடு அதிகாரியின் காலடியில் விழுந்தது. மணிகள் களமெல்லாம் ஓடின. முறிந்த இடத்திலிருந்து வெள்ளையாக, முதுகில் கூனோடு ஒரு புழு நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்து நெளிந்தது. வாத்தியக்காரர்களில் ஒருவர் கவனிக்காமல் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினார். எங்கிருந்தோ ஒரு சேவல் வந்து, யாரும் அர்த்தம் சொல்வதற்கு முன்னால் சகுனத்தைக் கொத்திக்கொண்டு போனது.

எனக்குச் சந்தோஷம் வந்தது. இதற்காகத்தானே இத்தனை வருடம் சர்க்கரை போடாமல் காத்திருந்தேன்!

"யாரும் பயப்படாதீங்க" என்றார் காஸ்லான், பாதிக் கிளையைப் பிடித்தபடி. "இது... இது திருஷ்டி கழிஞ்சது. நல்லதுதான்."

"போன வருசம் ஒரு எலை வாடுனதுக்கு என் மக கல்யாணத்த நிறுத்துனீங்க. அது மட்டும் திருஷ்டி இல்லையா?" என்று பின்னாலிருந்து பொனிரான் கேட்டார்.

"அது வேற. இது கேமராக்காரர் உயர்த்தச் சொன்னதால..."

"கேமராவா கொப்பை ஒடிச்சுது?"

"வண்டு! வண்டு வெளிய வந்தது ரொம்ப விசேஷம். மதியூன்ல எல்லாம்..."

"அதான் சேவல் தின்னுடுச்சே காங்" என்றேன் நான். களம் சிரித்தது. காஸ்லானும் சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை.

முனாவரா சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தாள். துல்காமித் அவள் முழங்கையைப் பிடித்தார், அவள் உதறினாள்.

"சம்பந்தி, பொண்ணுக் கொப்பு முறிஞ்ச வருசத்துல கட்டுனா மாப்பிள்ளைக்கு ஆகாதுன்னு உங்க வாயாலதான் கேட்டிருக்கேன். எனக்கு இருக்கிறது ஒரே மகன். எங்க மோதிரத்தைக் குடுத்திருங்க."

வினார்சி தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். ஹெரு கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "அம்மா, வேணாம்மா" என்று வந்தான். "நீ சும்மா இரு" என்றாள் முனாவரா. வினார்சி அழவில்லை, ஹெருவைப் பார்க்கவும் இல்லை. மோதிர விரலை மறு கையால் பொத்திக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். லஸ்மினியும் அப்படித்தான் நின்றாள், இதே களத்தில். என் சந்தோஷமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. கழற்றாதே பெண்ணே என்று உள்ளுக்குள் கத்தினேன்.

காஸ்லான் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு வழுக்கை என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

"சகுனம் ஒண்ணும் இல்ல" என்றார். "புழு குடைஞ்ச கொப்பு. பாரம் ஏத்துனேன், ஒடிஞ்சுது. அவ்வளவுதான்."

"உங்க பொண்ணுன்னதும் சகுனம் இல்லாமப் போச்சா?"

"என்னைக்குமே இல்லம்மா. காதோட்டை நான் கட்டுன கதை. என் தோட்டம் பூரா ஓட்டை, வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. மேடு ஏற முட்டி விடல, பாதையோரத்துல கெடச்சத ஒடிச்சேன்."

"அப்ப சேரும் சேராதுன்னு சொன்னதெல்லாம்?"

"அதுவும்தான்."

முனாவரா விடவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். "காரியம் ஆகணும்னு இப்பப் பொய் சொல்றீங்களோ என்னவோ! யார் யாரைப் பொய் சொல்லிப் பிரிச்சீங்க? அவங்க முன்னாடி சொல்லுங்க. கேட்டுக்கிறேன்."

காஸ்லான் மகளைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பேசப் பிரியப்படாமல் பேசியதை அன்று கண்டேன்.

"பொனிரான் மக. அவங்க வீட்டு விருந்துல எனக்குப் பின்வரிசையில நாற்காலி போட்டாங்க." கையிலிருந்த பாதிக் கிளையைத் திருப்பிப் பிடித்தார். "தர்சி. ரெண்டாந்தாரமா வாழப் போக இருந்தா. நான் பேசும்போது சிரிச்சா. கஸ்மாடியோட தங்கச்சி. அதுக்கு ஒரு காரணமும் இல்ல, அந்த வருசம் யாருக்காவது சேராதுன்னு சொல்லியாகணும்னு சொன்னேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "லஸ்மினி. பர்னோவோட அப்பாதான் வண்டு வளக்கிற தோட்டம்னு சொன்னாரு. உன் கடையிலதான் ராசினம். எல்லாரும் சிரிச்சீங்க."

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஒரு சிரிப்புக்கு என் தங்கை விலை கொடுத்திருக்கிறாள். கையில் கரண்டி இருந்திருந்தால் அன்று காஸ்லானின் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். பொனிரான் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு அழுதார். சுற்றுலா அதிகாரி எதையும் படம் பிடிக்க வேண்டாம் என்று கை காட்டினார்.

முனாவரா தரையில் கிடந்த தகரக் கிரீடத்தைப் பார்த்தாள். "இவ்வளவு அசிங்கத்த யாரும் பொய்யா ஒத்துக்க மாட்டாங்க" என்று கடைசியில் சொன்னாள், புருஷனிடம் சொல்வதுபோல். பிறகு வினார்சியிடம் போய், அவள் பொத்திவைத்திருந்த கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். "மோதிரம் இருக்கட்டும்மா. தேதியை நாம பாத்துக்கலாம். உங்கப்பா பாக்க வேணாம்."

ஹெரு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முர்த்தியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காஸ்லான் ஏதோ பெரிய காரியம் சாதித்தவர்போல் மகளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பெண்ணைக் காப்பாற்றியாகிவிட்டது அல்லவா. வினார்சி அவர் கிட்டே வந்தாள். முறிந்த கிளையை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டாள்.

"எல்லாப் பேரும் ஞாபகம் வச்சிருக்கியேப்பா" என்றாள்.

காஸ்லான் கழற்றிய தொப்பியை மாட்டாமலே வீட்டுப் பக்கம் நடந்தார்.

கடைக்குத் திரும்பியதும் சுரபாயாவுக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போதே கத்தினேன், அழுதேன்.

"வினார்சி கல்யாணம் நடக்குதுல்ல?" என்று மட்டும் கேட்டாள் லஸ்மினி.

"நடக்குது."

"நடக்கட்டும்க்கா. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு." போனில் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "பர்னோ அங்க இருந்தானா?"

"இருந்தான். புள்ளையைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு நின்னான்."

"சரிக்கா, வேலையிருக்கு" என்று வைத்துவிட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு வேலை கிடையாது.